பனி விழும் இடத்தில் பூச வேண்டாம்

தரைப் பூச்சு விளக்கத் தாள் ஒன்றின் திறனாய்வு

நூல்களைத் திறனாய்வு செய்வது வழக்கம். பெயிண்ட் டப்பாவுடன் வரும் விளக்கத் தாளைத் திறனாய்வு செய்வானேன் என்று சில வாசகர்கள் கேட்கலாம். நூலைப் படித்து அதன்படி நடப்பவர்களைவிட, இத்தகைய தாளைப் படித்து வேலை செய்பவர்களே நம் நாட்டில் மிகுதி. பாடநூலில் பிழை இருந்தால் மாணவனுக்கு ஓரிரு மதிப்பெண்கள் குறையும். விளக்கத் தாளில் பிழை இருந்தாலோ ஒருவருடைய பணமும் இன்னொருவருடைய கூலியும் போகும். எங்கள் குடும்பத்தில் இரண்டும் போயின. அதில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் ஊரில் என் தாய்மாமா வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் கட்டினார். 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தரை. 2023 மார்ச் நடுவில் கான்கிரீட் போட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் அதன்மேல் எப்பாக்சி பூச்சுப் பூசினார்கள். எப்பாக்சி என்பது பிசினையும் கெட்டிப்படுத்தியையும் கலந்து பூசும் இருபொருள் பூச்சு. காய்ந்த பிறகு கண்ணாடிபோல் பளபளக்கும். எண்ணெய் சிந்தினாலும் துடைத்துவிடலாம்.

பூசுவதற்கு முதல்நாள் காலையில் பெயிண்டர் என்னிடம், "சார், தரையிலே இன்னும் ஈரம் இருக்கு. ராத்திரி போட்டு வச்ச தகரத்தைத் தூக்கினேன், அடியிலே வேர்த்திருக்கு. கொஞ்ச மாசம் போகட்டும்" என்றார். மாமாவுக்கு அது வேலையைத் தள்ளிப்போடும் சாக்காகப் பட்டது. விளக்கத் தாளின் தமிழ்ப் பகுதியை உரக்கப் படித்தார். பாலிதீன் விரிப்பு ஒன்றைத் தரையில் பரப்பி ஓரங்களை ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். நீர்த்துளி இல்லையெனில் தரை பூசத் தயார் என்று அதில் இருந்தது. அன்று மாலையே இருவரும் விரிப்பை ஒட்டினோம். மறுநாள் நண்பகலில் எடுத்துப் பார்த்தோம். துளிகூட இல்லை. "ஏண்டா, நீ காலேஜிலே பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன், நீயே சொல்லு" என்றார் மாமா. தரை காய்ந்துவிட்டது என்று நான் சொன்னேன்.

கார்த்திகை மாதத்தில் பூச்சில் கொப்புளங்கள் எழுந்தன. தையில் அவை உடைந்து, டயர் நிற்கும் இடங்களில் பூச்சு அப்பளம்போல் பெயர்ந்து வந்தது. பெயிண்டர் சரியாகக் கலக்கவில்லை என்று மாமா முடிவு கட்டி, பாக்கிக் கூலி 3,000 ரூபாயை நிறுத்திவிட்டார். சாட்சி சொன்னவன் நான். "தகரம் வேர்த்துதே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெயிண்டர் போய்விட்டார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. அதன் பிறகே விளக்கத் தாளை எடுத்து, ஆங்கிலப் பகுதி தமிழ்ப் பகுதி இரண்டையும் வரிவரியாகப் படித்தேன்.

தாளின் நிறைகள்

குறை கூறுமுன் நிறைகளைக் கூறுவதே முறை. கலவை விகிதத்தைத் தாள் தெளிவாகத் தருகிறது. கலந்த பின் எவ்வளவு நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும் என்பதையும், கலவையை டப்பாவிலேயே வைத்திருந்தால் சூடேறி விரைவில் இறுகும் என்பதையும் எச்சரிக்கிறது. இது வெப்ப உமிழ் வினை. பெரிய அளவில் ஒரே பாத்திரத்தில் இருக்கும்போது வெப்பம் வெளியேற வழியின்றி வினை மேலும் விரைவாகிறது. தரையில் ஊற்றிப் பரப்பிவிட்டால் அந்த இடர் குறையும். இவ்வளவும் சரியே.

பூச்சைப் பற்றித் தாள் நன்றாகச் சொல்கிறது. தரையைப் பற்றித்தான் தவறுகிறது. ஆனால் இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் தரையிலேயே தீர்மானமாகின்றன.

28 நாள் கணக்கு

"கான்கிரீட் போட்டு 28 நாள் கழிந்ததும் பூசலாம்" என்பது தாளின் முதல் விதி. 28 என்ற எண் எங்கிருந்து வந்தது? கான்கிரீட்டின் அமுக்க வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பது கட்டடத் துறையின் வழக்கம். நம் நாட்டின் ஐ.எஸ். 456 தர விதியும் அந்த நாளையே கொள்கிறது. ஆகவே 28 என்பது வலிமையின் நாள். உலர்ந்த நாள் அன்று. தரை லாரியைத் தாங்கும் அளவு கெட்டியாக இருந்தும், உள்ளே நீர் நிரம்பியிருக்கலாம்.

எவ்வளவு நீர்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாமாவின் ஷெட் தரையின் கன அளவு 1.5 கன மீட்டர். கன மீட்டருக்கு 6 மூட்டை சிமெண்ட் எனக் கொண்டால் மொத்தம் 9 மூட்டை, அதாவது 450 கி.கி. சிமெண்டின் எடையில் 60 விழுக்காடு நீர் ஊற்றியிருந்தால் 270 லிட்டர். சிமெண்ட் இறுகுவது உலர்வதால் அன்று, நீருடன் வேதிவினை புரிவதால்தான். அந்த வினையில் எவ்வளவு நீர் கட்டுண்கிறது என்பதை 1940களில் அமெரிக்காவில் பவர்ஸ், பிரவுன்யார்டு ஆகியோர் விரிவாக ஆராய்ந்தனர். வினை முழுமையாக நடந்தால், 100 கி.கி. சிமெண்டுடன் சுமார் 23 கி.கி. நீர் வேதிமுறையில் பிணைந்துவிடுகிறது. மேலும் சுமார் 19 கி.கி. நீர் மிக நுண்ணிய துளைகளில் இறுக ஒட்டிக்கொள்கிறது. நம் கணக்கில் இவை முறையே ஏறக்குறைய 104 லிட்டரும் 85 லிட்டரும் ஆகும். மீதி 81 லிட்டர் தளையின்றி உள்ளே நிற்கிறது. நம் வீட்டுக் குடத்தில் ஆறு குடம்!

இந்த நீர் வெளியேற ஒரே வழி மேற்பரப்புதான். கீழே மண் இருக்கிறது. மேலும் முதல் இரண்டு வாரம் தரையில் பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறோம். அது வலிமைக்கு இன்றியமையாதது. ஆனால் தாள் குறிப்பிடும் 28 நாளில் பாதி நாள் நாம் தரைக்கு நீர் ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதைத் தாள் நினைக்கவில்லை.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தரைத் தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. 10 செ.மீ. என்றால் நான்கு மாதம். இதுவும் தோராயமே. நீர் உள்ளிருந்து விரவி வெளிவர ஆகும் நேரம் தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளரும். கனம் இருமடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அன்றியும், கான்கிரீட்டுக்கு அடியில் மண்ணின் ஈரத்தைத் தடுக்கப் பாலிதீன் விரித்திருந்தால்தான் இந்தக் கைக்கணக்குக்கே பொருள் உண்டு. விரிக்காத தரைக்கு நிலம் நீர் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாமாவின் ஷெட்டில் விரிக்கவில்லை. விரித்திருக்கிறதா என்று தாளும் கேட்கவில்லை.

விரிப்பு சொன்னதும் தகரம் சொன்னதும்

இனி, நான் ஏமாந்த இடத்துக்கு வருவோம். பாலிதீன் விரிப்புச் சோதனை தாள் எழுதியவரின் கற்பனை அன்று. ஏ.எஸ்.டி.எம். என்னும் அமெரிக்கத் தர அமைப்பு 1983இல் டி 4263 என்ற எண்ணில் வெளியிட்ட முறை அது. சுமார் 46 செ.மீ. சதுரமுள்ள, 0.1 மி.மீ. கனமுள்ள விரிப்பைத் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பிறகு விரிப்பின் அடிப்புறத்தில் நீர் படிந்திருக்கிறதா, தரை கருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் உள்ள பௌதிகம் பள்ளி மாணவருக்கும் தெரிந்ததே. குளிர்ந்த நீருள்ள டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறது. காற்றில் நீராவி இருப்பது மட்டும் அதற்குக் காரணமன்று. டம்ளரின் பரப்பு பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருப்பதும் காரணம். சுடுநீர் உள்ள டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதில்லை. அதைக் கண்டு அறைக் காற்றில் ஈரமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. நான் சொன்னது ஏறக்குறைய அதுதான்.

எண்களைக் கொண்டு பார்ப்போம். தரையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். அந்த வெப்பநிலையில் நீரின் தெவிட்டிய ஆவி அழுத்தம் 31.8 மி.மீ. பாதரசம். கான்கிரீட்டின் துளைகளில் உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால், அங்குள்ள ஆவியின் அழுத்தம் 28.6 மி.மீ. இது எந்த வெப்பநிலையில் தெவிட்டும்? அட்டவணையைப் பார்த்தால் 28 டிகிரிக்குச் சற்று மேல் என்று தெரியும். எனவே விரிப்பு 28 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் அதன் அடியில் துளி தோன்றும்.

நண்பகலில் நிலத்தின்மேல் உள்ள தரையைவிட வெளிக்காற்று சூடாக இருக்கும். விரிப்பு மெல்லியது, காற்றின் வெப்பநிலையை விரைவில் ஏற்றுக்கொள்ளும். அப்போது அது 34 டிகிரியில் இருந்தால், அடியில் 90 விழுக்காடு ஈரம் இருந்தாலும் ஒரு துளியும் நிற்காது. இரவில் படிந்த துளிகளும் ஆவியாகியிருக்கும். விடியற்காலையில் நிலைமை தலைகீழ். பகல் முழுதும் வெப்பத்தை வாங்கிய தரை மெதுவாகவே குளிரும். காற்று விரைவில் குளிர்ந்துவிடும். 27 டிகிரிக்கு இறங்கிய ஒரு தகடு அதே தரையின்மேல் வியர்த்து நனைந்திருக்கும்.

பெயிண்டர் தகரத்தைத் தூக்கியது விடியற்காலையில். நான் விரிப்பைத் தூக்கியது நண்பகலில். இருவரும் ஒரே தரையைத்தான் பார்த்தோம். சரியான நேரத்தில் பார்த்தவர் அவர்.

இத்துடன் முடியவில்லை. துளைகளில் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால் பனிநிலை சுமார் 26 டிகிரி ஆகும். தகடு 27 டிகிரியில் இருந்தால் விடியற்காலையிலும் வியர்க்காது. ஆனால் தரை விரிப்புகளுக்கும் பூச்சுகளுக்கும் ஏற்ற வரம்பாகப் பொதுவாகக் கூறப்படுவது 75 முதல் 85 விழுக்காடு வரை. அதாவது, பூசக் கூடாத ஒரு தரை இந்தச் சோதனையில் இரவும் பகலும் தேறிவிட முடியும். தரை கருத்திருக்கிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் மேல்துளைகள் நீரால் நிறையும் அளவுக்கு ஈரம் மிகுந்தால்தான் நிறம் மாறும்.

ஆகவே இந்தச் சோதனையின் மதிப்பு ஒருபக்கமானது. "ஈரம் உண்டு" என்று அது சொன்னால் நம்பலாம். "இல்லை" என்று சொன்னால் நம்பக் கூடாது. தர அமைப்பின் முறையும் தன்னை ஈரத்தைச் சுட்டிக் காட்டும் முறை என்றே அழைத்துக்கொள்கிறது. அளக்கும் முறை என்று கூறவில்லை. சுட்டிக் காட்டுவதைச் சான்றிதழாக மாற்றியது விளக்கத் தாள்.

அமிலமும் அதன் மிச்சமும்

"தரையை அமிலத்தால் கழுவிச் சொரசொரப்பாக்கவும்" என்பது அடுத்த கட்டளை. கழுவும் நோக்கம் சரியானது. கான்கிரீட் போடும்போது நீருடன் சிமெண்டின் நுண்துகளும் மேலே மிதந்து வந்து வலுவற்ற ஏடாகப் படிகிறது. நம் கொத்தனார்களோ மழமழப்புக்காக உலர்ந்த சிமெண்டையும் தூவித் தேய்த்துவிடுகிறார்கள். பெயர்ந்து வந்த பூச்சின் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது. பூச்சு தன் பிடியை விடவில்லை. அது பிடித்துக்கொண்டிருந்த ஏடுதான் தரையை விட்டுவிட்டது. கலவையில் தவறு என்று பெயிண்டர்மேல் சுமத்திய குற்றம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இந்த வேலைக்குப் போதுமா? சுண்ணாம்புப் பொருளை அது கரைக்கும், எண்ணெயைக் கரைக்காது. கான்கிரீட் பழுதுபார்ப்புத் துறையின் பன்னாட்டு அமைப்பான ஐ.சி.ஆர்.ஐ., தரையின் சொரசொரப்பை 10 படிகளாகப் பிரித்து மாதிரித் தகடுகள் வெளியிட்டுள்ளது. அதில் அமிலம் தருவது முதற்படி மட்டுமே. அரைக்கும் எந்திரத்தால் தேய்ப்பது இரண்டாம் படி. சிறு எஃகுக் குண்டுகளை வீசித் தேய்ப்பது அதற்கும் மேலே.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் உண்டாவது கால்சியம் குளோரைடு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகிவிடும் உப்பு அது. ஆய்வுக்கூடத்தில் ஈரம் உறிஞ்சும் பொருளாக அதைப் பயன்படுத்துகிறோம். தரையின் ஈரத்தை அளக்கும் இன்னொரு சோதனையில், ஒரு கிண்ணம் கால்சியம் குளோரைடை மூடிக்குள் தரைமேல் வைத்து, மூன்று நாளில் அதன் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். அத்தகைய உப்பை நாமே தரையில் உண்டாக்கி, சரியாகக் கழுவாமல், அதன்மேல் பூச்சையும் பூசி மூடிவிடுகிறோம்! தாளில் இதற்கு இருப்பது "நன்கு கழுவவும்" என்னும் இரண்டு சொற்களே. எத்தனை முறை கழுவுவது, கழுவிய நீரில் அமிலம் நீங்கியதா என்று லிட்மஸ் போன்ற தாளால் பார்ப்பது, கழுவியதால் ஏறிய ஈரம் உலர எத்தனை நாள் விடுவது என்பவை பற்றி ஒன்றும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றியும் தமிழ்ப் பகுதியில் ஒரு வரி இல்லை. அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பாசி போக்கப் பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் அமிலம் பட்டால் குளோரின் வாயு எழும். மூடிய ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து. அரைக்கும் எந்திரத்துக்கும் எச்சரிக்கை வேண்டும். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். தூசி உறிஞ்சும் அமைப்பும் தகுந்த முகமூடியும் இன்றி அந்த வேலையில் யாரையும் இறக்கக் கூடாது.

கொப்புளம் எப்படி எழுகிறது?

"கீழிருந்து வரும் நீராவியின் அழுத்தம் பூச்சைத் தள்ளிவிடும்" என்று தாளின் ஆங்கிலப் பகுதி காரணம் கூறுகிறது. பலரும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். கணக்கு இதற்கு இடம் தரவில்லை. 30 டிகிரியில் நீராவியின் பெரும அழுத்தம் 31.8 மி.மீ. பாதரசம் என்று கண்டோம். இது சதுர மி.மீட்டருக்கு 0.004 நியூட்டன் அளவே. நன்கு தயாரித்த தரையில் பூச்சின் பிடிப்பு சதுர மி.மீட்டருக்கு 1.5 நியூட்டனாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஏறக்குறைய 350 மடங்கு வேறுபாடு. இவ்வளவு சிறிய விசை அவ்வளவு பெரிய பிடிப்பை எப்படி வெல்லும்?

பல ஆய்வாளர்கள் தரும் விளக்கம் சவ்வூடு பரவல். பூச்சுக்கு அடியில் சிறிது உப்பு தங்கி, அதில் நீர் சேர்ந்தால் உப்புக் கரைசல் உண்டாகிறது. நுண்துளை நிறைந்த கான்கிரீட்டின் மேலேடு, நீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு போலச் செயல்படக்கூடும். அப்போது கீழிருந்து நீர் கரைசலை நோக்கி நுழைந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் நீரில் வெறும் 6 கிராம் சமையல் உப்பு கரைந்திருந்தால், 300 கெல்வின் வெப்பநிலையில் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 5 வளிமண்டலம், அதாவது சதுர மி.மீட்டருக்கு 0.5 நியூட்டன் ஆகும். நீராவி அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! கால்சியம் குளோரைடு கரையும்போது ஒரு மூலக்கூறுக்கு மூன்று அயனிகள் கிடைப்பதால் அதன் விளைவு இன்னும் மிகுதி. மேலேடு வலுவற்றதாகவும் நனைந்ததாகவும் இருந்தால் இந்த அழுத்தமே போதும்.

கழுவாமல் விட்ட அமிலத்தின் மிச்சமும், கார்த்திகையில் ஏறிய நிலத்தடி ஈரமும், தூவித் தேய்த்த சிமெண்ட் ஏடும் சேர்ந்தே எங்கள் கொப்புளங்களை எழுப்பின என்று கருதுகிறேன். இவற்றில் எதுவும் பெயிண்டரின் கலவைக் குச்சியில் இல்லை.

தமிழ்ப் பகுதி

ஆங்கிலப் பகுதி நான்கு பக்கம். தமிழ்ப் பகுதி அரைப் பக்கம். சுருக்கியதில் தவறில்லை. எதை விட்டார்கள் என்பதே கேள்வி. சோதனையின்போது வெயிலும் நேரடி வெப்பமும் விரிப்பின்மேல் படக் கூடாது என்ற வரி ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. தரையின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தில் உள்ள மற்றொரு வரி. இது மிகவும் தேவையான விதி. காற்று 30 டிகிரியிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டிலும் இருக்கும் நாளில் பனிநிலை 26 டிகிரியைத் தாண்டிவிடும். நிழலில் உள்ள தரை 28 டிகிரியில் இருந்தால் அன்று பூசவே கூடாது. நம் கடலோர மாவட்டங்களில் இத்தகைய நாட்கள் பல.

இந்த விதி தமிழில் எப்படி வந்திருக்கிறது தெரியுமா? "பனி விழும் இடத்தில் பூச வேண்டாம்."

மாமா அதைப் படித்தபோது, "நம்ம ஊர்லே ஏதுடா பனி?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பனிநிலை என்ற சொல் நம் பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மொழிபெயர்த்தவர் ஒரு பள்ளி மாணவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். தமிழில் அறிவியலைச் சொல்ல முடியாது என்பார் சிலர். இங்கே தமிழில் சொல் இருந்தது. அதைத் தேட வேண்டும் என்ற எண்ணந்தான் இல்லை. தரையில் முழங்காலிட்டு வேலை செய்பவர் படிக்கக்கூடியது அந்த அரைப் பக்கம் மட்டுமே.

ஓர் எளிய உப்புச் சோதனை

தரையின் ஈரத்தை முறையாக அளப்பது எப்படி? ஒருபக்கம் மட்டும் உலரும் தரையில், கனத்தின் 40 விழுக்காடு ஆழத்துக்குத் துளையிட்டு, அதற்குள் ஈரப்பதமானியை வைத்து அளக்கிறார்கள். மூடிய பிறகு தரை முழுவதும் ஈரம் சமமாகப் பரவும்போது எந்த ஈரப்பதம் நிலவுமோ, அதை ஏறக்குறைய அந்த ஆழம் முன்கூட்டியே காட்டிவிடும். இத்துறையில் சுவீடன் நாட்டு லுண்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை.

அந்தக் கருவி எல்லோரிடமும் இராது. மாணவர்கள் செய்யக்கூடிய ஒரு முன்சோதனையைச் சொல்கிறேன். சமையல் உப்பு, சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர் விடத் தொடங்கும். சுத்திகரித்த உலர்ந்த தூள் உப்பு ஒரு சிட்டிகையைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டுத் தரைமேல் வைக்கவும். அதன்மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, விளிம்பைப் பசைமண்ணால் அடைக்கவும். பாத்திரத்தைப் பழைய கம்பளியாலோ தடித்த போர்வையாலோ நன்றாக மூடவும். உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபடாமல் காப்பது இந்தப் போர்வைதான். விரிப்புச் சோதனையில் இல்லாதது இதுவே. மூன்று நாள் கழித்துத் திறந்து பார்க்கவும். உப்பு நீர் விட்டிருந்தால் தரை பூச்சுக்கு ஏற்றதன்று. கல்லுப்பைப் பயன்படுத்த வேண்டாம். அதில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு முன்னதாகவே நீர் விட்டு நம்மைக் குழப்பும். இது மேற்பரப்பை ஒட்டிய ஈரத்தை மட்டுமே காட்டும் தோராயச் சோதனை என்பதையும் மறக்கக் கூடாது.

பூச்சு முழுவதையும் தேய்த்து எடுத்த பிறகு மாமாவின் ஷெட்டில் இதைச் செய்து பார்த்தேன். 2024 ஜூனில் உப்பு உலர்ந்தே இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மூன்றாம் நாள் கிண்ணத்தில் நீர் நின்றது. கான்கிரீட் போட்ட நீர் அதற்குள் பெரும்பாலும் போயிருக்கும். நவம்பரில் வந்தது நிலத்தின் நீர். எனவே அடிவிரிப்பு இல்லாத தரையை ஒரு பருவத்தில் மட்டும் சோதித்து முடிவு செய்யக் கூடாது.

தாளில் இருக்க வேண்டியவை

நான் கேட்பது பெரிய மாற்றம் அன்று. அரைப் பக்கத் தமிழிலேயே இவ்வளவும் அடங்கும். கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் விரித்ததா என்று முதலில் கேட்க வேண்டும். 28 நாள் என்பதை நீக்கிவிட்டு, ஈரத்தை அளந்த பின் பூசு என்று சொல்ல வேண்டும். விரிப்புச் சோதனையை விடியற்காலையில் பார்க்கச் சொல்லி, துளி இல்லாவிட்டாலும் தரை உலர்ந்தது என்று பொருளன்று எனச் சேர்க்க வேண்டும். தரையில் சில இடங்களில் நீர் தெளித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. அமிலத்தைவிட அரைத்துத் தேய்ப்பதே மேல் என்றும், காலையில் வெப்பம் ஏறும்போது பூசாமல் மாலையில் இறங்கும்போது பூசவேண்டும் என்றும் கூற வேண்டும். தரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் துளைகளில் உள்ள காற்று 5 விழுக்காடு விரிந்து, ஈரப் பூச்சில் ஊசித் துளைகளை உண்டாக்கும். கடைசியாக, சில தரைகளுக்கு இந்தப் பூச்சு ஏற்றதன்று என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்பவருக்கு இதுதான் கடினம்.

உப்பு நீர் விட்ட அன்றே மாமாவிடம் கிண்ணத்தைக் காட்டி, மேலே சொன்ன கணக்குகளையும் விளக்கினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போயிட்டு வருவோம்" என்றார். இருவரும் பெயிண்டர் வீட்டுக்குப் போய் 3,000 ரூபாயைக் கொடுத்தோம். தவறு என்னுடையது என்று நான் சொன்னேன். அவர் காபி கொடுத்தார்.

ஷெட்டுக்கு மீண்டும் பூச்சுப் பூசலாமா என்று மாமா அவரிடமே கேட்டார். நவம்பர் உப்பைப் பற்றி நான் சொல்லி முடிக்குமுன்னே, "வேணாம் ஐயா, அந்தத் தரைக்கு எதுவும் நிக்காது. சிமெண்ட் தரையாவே கிடக்கட்டும்" என்றார் பெயிண்டர். அப்படியே விட்டுவிட்டோம். உண்மையைச் சொன்னதால் இரண்டாம் முறையும் அவருக்கு ஒரு வேலை போயிற்று என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.